எடின்பரோ ட்ரான் கர்க்: அந்தத் தேவாலயத்தை யார் கடையாக்கினார்கள்?

எடின்பரோ பழைய நகரின் பெரிய தெருவான ராயல் மைலில் பாதித் தூரம் இறங்கியதும் ஒரு பழைய சர்ச் வந்தது, ஆசையாக உள்ளே போனால் கம்பளித் தொப்பியும் சாவிக்கொத்தும் விற்கிறார்கள். கிட்டத்தட்ட 400 வருடத் தேவாலயத்தைச் சந்தையாக்க எப்படி மனம் வந்தது, யார் விற்றது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, நீங்கள் தங்கியிருக்கும் ஊரிலும் ஒரு சர்ச் வீடாகிவிட்டது, அதன் வரலாற்றை எங்கே தேடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தது ட்ரான் கர்க். யார் விற்றது என்பதற்குப் பதில் சின்னது: 1952ல் அங்கே கும்பிட்டுவந்த சபை அந்த இடத்தை விட்டுப் போனது, கட்டடம் நகராட்சியிடம் வந்தது. ஆனால் உங்களை உறுத்துவது அதுவல்ல, "எப்படி மனம் வந்தது" என்பதுதான். அதற்குச் சுற்றி வளைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். அதைப் படிக்க எடின்பரோவில் ஒரு வருடம் இருந்தேன். தினமும் இந்த சர்ச்சின் எதிரில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். கல், மரம், சுண்ணாம்பு பற்றி நான் சொல்வதை நம்பலாம். இறையியல் பக்கம் போகும்போது மட்டும் கொஞ்சம் தள்ளுபடி செய்து படியுங்கள்.

பெயரிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் இந்தக் கதையில் பெயர்தான் எல்லாவற்றுக்கும் மூத்தது. கர்க் என்றால் ஸ்காட்லாந்துப் பேச்சில் சர்ச். சென்னை எழும்பூரில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச்சை இன்றைக்கும் சிலர் "தி கர்க்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக 1821ல் திறந்த சர்ச் அது. ட்ரான் என்றால் சந்தையின் பொதுத் தராசு. நகரத்துக்குள் விற்பனைக்கு வரும் சரக்கை நிறுத்துப் பார்க்கும் பெரிய துலாக்கோல். எடின்பரோவில் மேலே ஒரு வெண்ணெய்த் தராசும், கீழே இந்த இடத்தில் ஒரு உப்புத் தராசும் இருந்தன. எடையில் ஏமாற்றிய வியாபாரியின் காதை அந்த மரத்தோடு ஆணியடித்து நிறுத்துவது அன்றைய தண்டனை. சர்ச் இங்கே வருவதற்கு முன்பே தராசு இருந்தது. சர்ச்சின் முழுப் பெயர் "ட்ரானில் உள்ள கிறிஸ்துவின் கர்க்". நம் ஊரில் சந்தைப்பேட்டை மாரியம்மன் என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி. ஆக, சந்தைதான் முதலில். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அப்புறம், இது பக்தி பெருகி எழுப்பிய ஆலயம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 1633ல் முதலாம் சார்ல்ஸ் மன்னர் முடிசூட்டிக்கொள்ள எடின்பரோ வந்தார். ஸ்காட்லாந்துத் திருச்சபை இங்கிலாந்து மாதிரி பிஷப்புகளின் கீழ் இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதே வருடம் எடின்பரோவுக்கு ஒரு பேராயத்தை உண்டாக்கி, செயின்ட் ஜைல்ஸ் சர்ச்சை அதன் பேராலயம் ஆக்கினார். அந்தச் சர்ச்சுக்குள்ளே குறுக்குச் சுவர் வைத்துத் தடுத்து, ஒன்றுக்கு மேற்பட்ட சபைகள் தனித்தனியாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தன. பேராலயம் என்றால் ஒரே விசாலமான கூடமாக இருக்க வேண்டாமா? சுவரை இடி, சபைகளை வெளியே அனுப்பு என்று உத்தரவு. வெளியேறும் சபைக்கு இடம் தேடித்தான் நகரசபை தராசுப் பக்கத்தில் இடம் பார்த்து 1636ல் வேலையைத் தொடங்கியது. அங்கிருந்த ஒரு சந்தின் தலைப்பகுதி இடிபட்டது. அந்தச் சந்து பிறகு திரும்பி வரும்.

வேடிக்கை என்னவென்றால், சுவர் பாதி எழும்பும்போதே கட்டிய காரணம் காணாமல் போய்விட்டது. 1637 ஜூலை 23ஆம் தேதி செயின்ட் ஜைல்ஸில் மன்னர் அனுப்பிய புது ஜெபப் புத்தகத்தை வாசித்ததும் கலவரம் வெடித்தது. ஜென்னி கெடஸ் என்ற சந்தைக்காரி தான் உட்கார்ந்திருந்த முக்காலியைத் தூக்கிப் போதகர் தலையில் வீசினாள் என்பார்கள். கலவரம் நடந்தது, முக்காலிகள் பறந்தன, இது உறுதி. ஜென்னி கெடஸ் என்ற பெயர் பின்னால் வந்த எழுத்துகளில்தான் தலைகாட்டுகிறது. அதைக் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். மறு வருடம் பிப்ரவரியில் மன்னரின் சர்ச் மாற்றங்களை எதிர்க்கும் தேசிய உடன்படிக்கையில் ஊரே கையெழுத்துப் போட்டது, வருடக் கடைசியில் கிளாஸ்கோவில் கூடிய திருச்சபையின் பொதுச்சபை பிஷப்புகளையே நீக்கியது. பேராலயமும் இல்லை, பிஷப்பும் இல்லை. கட்டடம் மட்டும் நின்றது. முழுதாக முடிய 1647 ஆனது என்றாலும் 1641லேயே திறந்துவிட்டார்கள்.

வாசலுக்கு மேலே லத்தீனில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, படம் எடுத்தவர் அதைக் கவனித்தீர்களா தெரியவில்லை. "எடின்பரோ குடிமக்கள் இந்த இல்லத்தைக் கிறிஸ்துவுக்கும் அவருடைய சபைக்கும் அர்ப்பணித்தார்கள், 1641" என்பது அதன் பொருள். மன்னர் பெயர் இல்லை, பிஷப் பெயர் இல்லை. அந்த வருடம் சார்ல்ஸ் மறுபடி எடின்பரோவுக்கு வந்து சில மாதங்கள் தங்கியிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கல்வெட்டின் அமைதியே ஒரு பேச்சு மாதிரி இருக்கும். இது என் ஊகம், ஆவணம் காட்டச் சொல்லாதீர்கள்.

கட்டியவர் ஜான் மில்ன், அரசரின் தலைமைக் கொத்தனார், பரம்பரைக் கல்தச்சர் குடும்பம். முகப்பைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சுவரை ஒட்டிய அரைத்தூண்கள் ரோமானிய பாணி. அவற்றுக்கு நடுவே இருக்கும் ஜன்னல்களில் கோதிக் பாணிக் கல்வலை. இரண்டு பாணியையும் ஒரே சுவரில் கூச்சமில்லாமல் கலந்திருக்கிறார். என் பேராசிரியர் ஒருவருக்கு அந்த முகப்பு பிடிக்காது, "முடிவெடுக்கத் தெரியாத சுவர்" என்பார். எனக்கு அதனால்தான் பிடிக்கும்.

உள்ளமைப்பு முதலில் ஆங்கில எழுத்து டி வடிவம். இதில் ஒரு காரணம் உண்டு. ஸ்காட்லாந்துத் திருச்சபை பிரெஸ்பிட்டேரியன், அதாவது பிஷப் இல்லாமல் மூப்பர்கள் நடத்தும் பிரிவு. அதன் வழிபாட்டில் நடுநாயகம் பலிபீடம் இல்லை, பிரசங்கம். நீண்ட சுவரின் நடுவில் பிரசங்க பீடத்தை வைத்து, மூன்று பக்கமும் ஜனங்கள் உட்கார்ந்தால் யாரும் தூரமாக இருக்க மாட்டார்கள், போதகரின் குரல் எல்லாருக்கும் எட்டும். ஸ்காட்லாந்தில் அந்தக் காலத்து சர்ச் பலவற்றில் இந்த அமைப்பைப் பார்க்கலாம்.

ஆனால் உண்மையான சொத்து தலைக்கு மேலே இருக்கிறது. ஜான் ஸ்காட் என்ற தலைமைத் தச்சர் செய்த ஹாமர்பீம் கூரை. இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் குட்டையான உத்தரங்கள் கைநீட்டினாற்போல் வெளியே வரும். அந்தக் கை நுனியில் செங்குத்து மரம், அதன் மேல் வளைவு, அதன் மேல் கூரை. சுவருக்குச் சுவர் குறுக்கு விட்டமும் வேண்டாம், நடுவில் தூணும் வேண்டாம். பக்கத்திலேயே இருக்கும் பார்லிமென்ட் ஹால் கூரையும் அவர் கைவேலைதான். அதுவும் அதே பத்தாண்டில் செய்தது. கடையில் தொப்பி வாங்கிய நேரத்தில் ஒரு தடவை அண்ணாந்து பார்த்திருந்தால் போன காசு வசூலாகியிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு பையனைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தாமஸ் ஐக்கன்ஹெட், எடின்பரோ பல்கலைக்கழக மாணவன், வயது 20. 1696ல் ஒரு குளிர் இரவில் நண்பர்களோடு இந்த சர்ச்சைத் தாண்டிப் போகும்போது, "இந்தக் குளிருக்கு நரகத்துக்குப் போய்க் குளிர்காய்ந்தால் தேவலை" என்ற மாதிரி ஏதோ சொன்னான் என்று வழக்கு. தெய்வ நிந்தனைக் குற்றத்துக்காக 1697 ஜனவரி 8ஆம் தேதி தூக்கில் போட்டார்கள். பிரிட்டனில் அந்தக் குற்றத்துக்குத் தூக்கிலிடப்பட்ட கடைசி ஆள் அவன்தான். தூக்கு உறுதி, தேதி உறுதி. அவன் வாயிலிருந்து வந்த வார்த்தை எது என்பது அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்கள் வழியாக மட்டுமே நமக்குக் கிடைக்கிறது என்பதை மறக்க வேண்டாம். நான் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நவம்பர் காற்று அடிக்கும்போதெல்லாம் அந்தப் பையனை நினைத்துக்கொள்வேன். எனக்கும் அதே ஆசை வந்திருக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு நெருக்கமான பகுதி. இந்தக் கட்டடத்தின் மேல் பெரிய கத்தி விழுந்தது, கடை வந்தபோது இல்லை, 1785ல். தெற்கே நகரம் விரிய வேண்டும், நடுவில் பள்ளம். அதைக் கடக்க 19 வளைவுகளோடு சவுத் பிரிட்ஜ் என்ற பாலம் போட்டார்கள். பாலத்தின் தலைமாட்டில் இந்த சர்ச் இடைஞ்சல். சபை நன்றாக நடந்துகொண்டிருந்த காலம் அது. இருந்தும் டியின் கால் போன்ற தெற்குச் சிறகை மொத்தமாக வெட்டி எடுத்தார்கள், கிழக்கும் மேற்கும் ஓரத்தைக் குறைத்தார்கள், பின்புறம் ஹன்டர் சதுக்கம் என்று ஒரு திறந்தவெளி உருவானது. ரோடு அகலப்படுத்த வீட்டின் திண்ணையை இடிப்பதைப் பார்த்திருக்கிறோம்; இது அதே கதை, அளவுதான் பெரிது. நீங்கள் இன்று பார்க்கும் பெட்டி போன்ற வடிவம் அதனால் வந்தது.

அடுத்து தீ. 1824 நவம்பர் 15ஆம் தேதி இரவு, சர்ச்சுக்குக் கொஞ்சம் மேலே ஒரு சந்திலிருந்த செதுக்கு அச்சுப் பட்டறையில், காய்ச்சிக்கொண்டிருந்த ஆளி விதை எண்ணெய் பற்றிக்கொண்டது. வரிசை வரிசையாக அடுக்கு வீடுகள் எரிந்தன. மறுநாள் பகலில் காற்றில் பறந்த கங்கு ட்ரான் கோபுரத்தில் உட்கார்ந்தது. கோபுரம் மரம், மேலே ஈயத் தகடு. மரம் எரிந்தது, ஈயம் உருகி மழையாக ஊற்றியது; கீழே நின்று தண்ணீர் அடித்தவர்கள் ஓட வேண்டியதாயிற்று. எடின்பரோவின் நகரத் தீயணைப்புப் படை அந்த வருடம்தான் உருவாகியிருந்தது, தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் 24 வயது இளைஞர். அந்தத் தீயில் 13 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. சர்ச்சின் உடல் பிழைத்தது, கோபுரம் போனது. இப்போது நிற்கும் 160 அடிக் கல் கோபுரம் 1828ல் டிக்சன் சகோதரர்கள் வடிவமைத்தது. ஆக நீங்கள் படம் எடுத்த "400 வருடத் தேவாலயம்" உண்மையில் மூன்று காலத்துக் கட்டடங்களின் ஒட்டு: முகப்பும் கூரையும் 17ஆம் நூற்றாண்டு, முதுகு 18, தலை 19.

கும்பிடுவதைத் தவிர வேறு எதற்கும் இது பயன்படவில்லை என்றும் எண்ண வேண்டாம். வருடப் பிறப்பு இரவில் இதன் மணிக்கூண்டுக்குக் கீழே கூடி, 12 அடிப்பதற்குக் காத்திருப்பது எடின்பரோ மக்களின் பழைய வழக்கம். 1811 டிசம்பர் 31 இரவு அது கலவரமாகி, இளைஞர் கும்பல்கள் போகிறவர்கள் வருகிறவர்களை அடித்துப் பறித்தன. ஒரு காவல்காரர் இறந்தார். அடுத்த ஏப்ரலில் மூன்று இளைஞர்களைத் தூக்கிலிட்டார்கள். 1990களில் பெரிய கொண்டாட்டம் பிரின்சஸ் வீதிக்குப் போகும்வரை ட்ரான்தான் புத்தாண்டு முனை. சபை போய் 40 வருடம் ஆன பிறகும் ஜனங்கள் அங்கே வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

சரி, சபை ஏன் போனது? இதற்கு ஸ்காட்லாந்து முழுவதையும் ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும். பாரிஷ் என்பது அங்கே வெறும் வழிபாட்டு வட்டாரம் இல்லை. 1845 வரை ஏழைகளுக்கு உதவி, 1872 வரை பள்ளிக்கூடம், இரண்டும் பாரிஷ் பொறுப்பு. கிராமங்களில் சர்ச் கட்டடத்தைப் பராமரிப்பது நில உடைமையாளர்களின் சட்டக் கடமை. ட்ரான் போன்ற நகர சர்ச்சுகளை நகரசபை பார்த்துக்கொண்டது. 1843ல் போதகரை நியமிக்கும் உரிமை ஜமீனுக்கா சபைக்கா என்ற சண்டையில் திருச்சபை இரண்டாக உடைந்தது. 474 போதகர்கள், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், சம்பளத்தையும் வீட்டையும் விட்டுவிட்டு வெளியேறி சுதந்திரத் திருச்சபையைத் தொடங்கினார்கள். அந்த உடைவு மெட்ராஸ் வரை வந்தது: பின்னாளில் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியை 1837ல் தொடங்கிய ஜான் ஆண்டர்சனும் அந்தப் பக்கம்தான் போனார். வெளியேறியவர்கள் ஊர் ஊராகப் போட்டி சர்ச் கட்டினார்கள். 1929ல் பெரும்பான்மையோர் மறுபடி ஒன்று சேர்ந்தபோது ஒரே தெருவில் ஒரே திருச்சபைக்கு இரண்டு மூன்று கட்டடம் மிஞ்சியது. அதற்கு மேல் ஆளும் குறைந்தது. 1950களின் நடுவில் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் உறுப்பினர்கள் சுமார் 13 லட்சம். இன்று மூன்று லட்சத்துக்கும் கீழே.

ட்ரானுக்குக் கூடுதலாக ஒரு காரணம். பழைய நகரின் நெரிசலான அடுக்கு வீடுகளிலிருந்து ஜனங்கள் புறநகரில் புதிதாகக் கட்டிய குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள். ஆள் இல்லாத தெருவில் போதகர் யாருக்குப் பிரசங்கம் செய்வார்? சபையும் அவர்கள் பின்னால் தென்கிழக்கே மோர்டன் பக்கம் போனது, பெயரையும் எடுத்துக்கொண்டு. தராசே இருந்திராத ஒரு புறநகரில் ட்ரான் கர்க் என்ற பெயர் வந்தது இப்படித்தான்.

"எப்படி மனம் வந்தது" என்பதற்கு இங்கேதான் பதில். நமக்குக் கோயில் என்றால் பிரதிஷ்டை செய்த மூர்த்தி. பூஜை நின்றால் மனசு பதறும். பிரெஸ்பிட்டேரியன் எண்ணத்தில் புனிதம் கல்லில் இல்லை, கூடும் சபையில். சபை எழுந்து போனால் மிச்சம் இருப்பது ஒரு கூடம். வருத்தம் இருக்கும், தீட்டு இருக்காது. கிளாஸ்கோவில் கெல்வின்சைடு பாரிஷ் சர்ச் 2004 முதல் ஓரன் மோர் என்ற பாராகவும் அரங்காகவும் நடக்கிறது. அந்த ஊரிலும் ஒரு ட்ரான் சர்ச் இருந்தது, அது இப்போது நாடகக் கொட்டகை. இணையத்தில் தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எனக்கு வருத்தம் தருவது கடை இல்லை, பூட்டு. 1952க்குப் பிறகு உள்ளே இருந்த மரவேலை, இருக்கை எல்லாம் போய், நீண்ட காலம் வெறும் ஓடாகக் கிடந்தது. 1974ல் தரையைத் தோண்டினார்கள். கீழே, 1636ல் இடித்துப் புதைத்த அந்தச் சந்து அப்படியே இருந்தது. மார்லின்ஸ் வைண்ட் என்று பெயர். இருபது வருடங்களுக்கு முன் உள்ளே சுற்றுலாத் தகவல் மையம் இருந்தபோது மேடையில் நின்று பார்த்திருக்கிறேன்: சரிவாக இறங்கும் உருளைக்கல் பாவிய வழி, இரண்டு பக்கமும் வீட்டு அடித்தளம், நிலவறை வாசல். சர்ச்சுக்குள் நின்றுகொண்டு ஒரு தெருவைக் குனிந்து பார்ப்பது விசித்திரமான அனுபவம். ஹை ஸ்ட்ரீட்டுக்கு (ராயல் மைலின் இந்தப் பகுதிக்கு) முதலில் கல் பாவிய மார்லின் என்ற பிரெஞ்சுக் கொத்தனாரின் பெயர் அது, அவரை அந்தச் சந்தின் தலைமாட்டிலேயே புதைத்தார்கள் என்பது ஊர்க்கதை. சந்து உண்மை. சமாதிக் கதையை வழிகாட்டிகள் சொன்னால் ரசியுங்கள், அதோடு விட்டுவிடுங்கள்.

அதற்கப்புறம் தகவல் மையம், விழாக்கால அரங்கு, சந்தை, கண்காட்சி என்று வேஷம் மாறிக்கொண்டே வருகிறது. அது ஏ பிரிவுப் பட்டியல் கட்டடம், அதாவது சட்டம் பாதுகாக்கும் பழைய கட்டடங்களில் உயர்ந்த பிரிவு. அனுமதியில்லாமல் ஒரு கல்லைப் பெயர்க்க முடியாது. ஆள் நடமாடும் கட்டடத்தில் ஒழுகினால் அன்றைக்கே தெரியும். பூட்டிய கட்டடத்தில் உத்தரம் இற்றுப்போன பிறகுதான் தெரியும். நம் பக்கத்தில் பூட்டு விழுந்த எத்தனையோ பங்களாக்களில் கறையானை எண்ணியவன் சொல்கிறேன், தொப்பிக் கடை எவ்வளவோ மேல்.

உங்கள் ஊரில் வீடாகிப்போன அந்த சர்ச்சுக்கு வருகிறேன். முதலில் அது 1843க்கு முன் கட்டியதா பின்னா என்று பாருங்கள். வாசல் மேலோ கோபுரத்திலோ வருடம் செதுக்கியிருக்கும். முன் என்றால் அநேகமாக அது பாரிஷ் சர்ச். பின் என்றால் சுதந்திரத் திருச்சபையோ வேறு பிரிவோ கட்டியதாக இருக்க வாய்ப்பு அதிகம், "பழைய பாரிஷ் சர்ச்" என்று வீட்டு விளம்பரத்தில் போட்டிருந்தாலும் நம்பிவிடாதீர்கள். பழைய கட்டடங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்தின் இணையதளத்தில் ஊர்ப் பெயரைப் போட்டால் பட்டியல் கட்டடமா என்று தெரியும், கட்டியவர் பெயரும் பல சமயம் கிடைக்கும். சபை மூப்பர்களின் கூட்டக் குறிப்புகள் எடின்பரோவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெரும்பகுதியை ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் என்ற அரசு ஆவண இணையதளத்தில் படமாகவே பார்க்கலாம். 18ஆம் நூற்றாண்டுக் கையெழுத்து முதல் இரண்டு நாள் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும், மூன்றாம் நாள் பழகிவிடும். கூரை ஒழுகியது, யார் காசு கொடுப்பது என்று சண்டை போட்ட பக்கங்களைத் தேடுங்கள்; கட்டடத்தைப் பற்றிய நம்பகமான தகவல் எல்லாம் அங்கேதான் இருக்கும். வருடம் கண்ணில் பட்டால் ஒரு படத்தோடு இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.